அப்பா சொன்னதாக

இந்த விவரத்தை நான் பதினான்கு வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். முதல் நாளிலேயே சந்தேகித்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைக்கவில்லை, நிம்மதி என்று வைத்திருந்தேன். அப்பா போதும் என்றார், வீட்டுக்குப் போய்விடுவோம் என்றார். அவர் அக்காவிடம் சொன்னார், அக்கா என்னிடம் சொன்னாள், நான் ஊருக்குச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த அட்டையில் அப்பாவின் படத்துக்குக் கீழே அந்த இரண்டு வாக்கியங்களையும் மேற்கோள் குறிகளுக்குள் போடச் சொன்னது நான்தான். அச்சகத்துக்காரர் படித்துவிட்டு, இப்படி ஒரு சாவு யாருக்கு அண்ணாச்சி கிடைக்கும் என்றார், நானும் தலையை ஆட்டினேன். அந்த அக்கா இப்போது எனக்கு எதிரே, பெரியாஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில், நான்காம் நம்பர் கட்டிலில் இடது கையை நீட்டிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் போகிறது, மற்றதன் வழியாகத் திரும்பி வருகிறது. ஏழு ஐந்துக்கு மெஷினில் ஏற்றினார்கள், பதினொன்று ஐந்துக்கு இறக்குவார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று நான்கு வருடமாக இதே நான்கு மணி நேரம், இதே ஸ்டூல், இதே சிவப்புக் குழாய். முதல் மாதம் அந்தக் குழாயைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்கிறேன். அக்காவுக்கு அறுபத்தெட்டு, எனக்கு ஐம்பத்தேழு. அவள் பெயர் உலகம்மாள். சத்துணவுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், புருஷனை இழந்தவள், ஒரே மகன் மெல்பர்னில். நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜையும் ஒரு பெஞ்சும் என்னுடையவை. இன்றைக்கு முகூர்த்த நாள், அந்த பெஞ்சில் இந்நேரம் நாலு பேர் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஏழரைக்கு அக்காவின் மகன் நாதன் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே பிற்பகல். முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கம்பெனியில் அட்டவணை போடுகிற வேலை அவனுக்கு, எந்தக் கிழவியை எத்தனை மணிக்கு யார் குளிப்பாட்டுவது என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டுவான். அங்கே அதற்கெல்லாம் அரசாங்கமே தருகிறது மாமா என்று ஒருமுறை சொன்னான், அதைத் தானே தருகிறதுபோன்ற குரலில் சொன்னான். அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஏஜென்சிப் பெண் ஆடியில் நின்றுவிட்டாள். வேறு ஆள் போடுவதாக நாதன் சொல்லி ஆவணி போய்ப் புரட்டாசியும் போய்விட்டது. இன்றைக்கு அவன் பேச்சைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தான். குழந்தைகள், வீட்டுக் கடன், அங்கே குளிர் போய்க்கொண்டிருப்பது, பிறகு ஒரு நீண்ட மூச்சு. "மாமா, பணம் பிரச்சனையே இல்ல, அத நீங்க யோசிக்காதீங்க. அம்மா என்ன சொல்லுதா? போதும்னு ஏதாவது சொன்னாளா?" நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றபோது என் குரல் எனக்கே பழக்கமானதாக இருந்தது, பத்திரம் எப்போது தயாராகும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிற குரல். போன சனிக்கிழமை டியூட்டி டாக்டர் சொன்னதை அவனுக்கு எழுதி அனுப்பியது நான்தானே. அந்தப் பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒன்பது மெஷினில் இரண்டு ரிப்பேர், காத்திருப்பவர்கள் பட்டியலில் முப்பத்தோரு பேர், அதில் சின்ன வயசுக்காரர்களே பாதி என்றாள். எங்களுக்கு விதி ஒண்ணும் கிடையாது சார், யாரையும் நாங்களா நிறுத்த மாட்டோம், குடும்பத்தில் பேசி, பாட்டி என்ன நினைக்கிறாங்கன்னு சொல்லுங்க, அடுத்த மாதத்துக்கு வியாழக்கிழமை பட்டியல் போடுவேன் என்றாள். பாட்டி என்ன நினைக்கிறாள் என்று பாட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள். பாட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தாள், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிட மோசம், நான் உடனே கேட்ட கேள்வி. நிறுத்தினா எத்தனை நாள் டாக்டர், என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் தயாராக இருந்தது. பத்து நாள், சிலருக்குப் பன்னிரண்டு, கடைசியில் தூக்கம் மாதிரிதான் என்றாள். அதையும் நாதனுக்கு எழுதினேன். என்னுடைய கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எழுதினேன். இன்றைக்கு வியாழக்கிழமை.

அம்மா என்ன சொல்லுதா. பதினான்கு வருடம் முன்னால் நானும் இதையேதான் கேட்டேன், ஒரு சொல் மட்டும் மாற்றி. அது தனியார் ஆஸ்பத்திரி, அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் பென்ஷன்காரர்களுக்கான காப்பீட்டில் சேர்த்தோம். பக்கவாதம். பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், ஒரு ஆள் மட்டும் உள்ளே போகலாம். அந்த ஒரு ஆள் எப்போதும் அக்கா. பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, செருப்பை என் காலடியில் விட்டுவிட்டுப் போவாள், நான் அந்தச் செருப்புக்குக் காவல். நீ ஒருதடவ போயிட்டு வால என்று இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் சொன்னாள். எனக்கு அதெல்லாம் பார்க்க முடியாதுக்கா என்றேன், பயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள், நானும் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் கீழே பணம் கட்டுகிற மேஜையில் இருந்த ஆள், காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த பணம் முடிஞ்சுபோச்சு சார், இனி கையிலிருந்துதான் என்றான். மேலே டாக்டர், கழுத்தில் துளை போட வேண்டும், அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். துளை போட்டால் எத்தனை நாள் என்று கேட்டேன். ஆமாம், அன்றைக்கும் அதே கேள்விதான். மாதக்கணக்கில்கூட இருக்கலாம் என்றார், எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சொன்னார். என்னிடம் அப்போது ஒரு மனை இருந்தது, புறவழிச்சாலைப் பக்கம் ஐந்தரை சென்ட். அந்தப் பத்திரத்தை நானே என் கையால் எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த மனையைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சாயங்காலம் அவள் அங்கியை மாட்டும்போது நான் சொன்னேன், அப்பா என்ன சொல்றாங்கன்னு கேளுக்கா. அவ்வளவுதான் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. "அப்பா போதும்ங்காவ. வீட்டுக்குப் போயிருவோம்ங்காவ." செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவள் இடது செருப்பின் வார் பிய்ந்திருந்தது, ஒரு ஊக்கு குத்தியிருந்தாள். அந்த ஊக்கை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது எனக்கு இன்றுவரை தெளிவாக ஞாபகம் இருக்கிறது, அவள் முகம் ஞாபகம் இல்லை.

என்ன உலகம்மா, இன்னைக்கு எத்தன லிட்டரு கொண்டாந்திருக்கீங்க என்று சிஸ்டர் ஜெபராணி காலையில் எடை பார்க்கும்போது கேட்டாள். உனக்கு வேணும்னா ஒரு கொடம் எடுத்துக்கோ என்றாள் அக்கா. வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மூன்றரை கிலோ ஏறியிருந்தது, எல்லாம் தண்ணீர். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். அதை நான் காலையில் அவள் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு வருகிறேன், குழாயை மூடிச் சாவியை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆமாம், பூட்டுப் போடுகிற குழாய், அதைத் தேடி வாங்கி மாட்டினேன். சித்திரையில் ஒருநாள் போனபோது அவள் பூச்செட்டிக்கு வைத்திருந்த வாளியிலிருந்து கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வாளியை எடுத்து அவள் முன்னாலேயே முற்றத்தில் கொட்டினேன். மெதுவாகக் கொட்டினேன். வேகமாகக் கொட்டியிருந்தால் கோபம் என்று ஆகியிருக்கும், அது கோபம் இல்லை. அவள் தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்தாள். உள்ளே போய் டிவியைப் போட்டாள். நல்லதுக்குத்தான் செய்தேன், தண்ணீர் நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும், எந்த டாக்டரும் என்னைத்தான் பாராட்டுவார். எனக்கு எதிராக ஒரு சாட்சியும் கிடையாது. ஆனால் அன்று இரவு படுக்கப்போகும் முன் நான் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன், தாகம் இல்லாமல் குடித்தேன், முழுவதும் குடித்தேன். இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, வாரத்தில் மூன்று நாள் காலையில் டிபன் பாக்ஸை மூடுகிற சத்தத்தில் எல்லாம் இருக்கும்.

அப்பா பேசியிருக்க முடியாது. அது எனக்குத் தெரிந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து உயில் எழுதக் கூப்பிட்டார்கள், அவர்களுடைய தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேறு ஆஸ்பத்திரி, ஆனால் அங்கியும் அதே பச்சைதான். முதல்முறையாக அப்படி ஒரு அறைக்குள் போனேன். என் தகப்பனுக்குப் போகாத அறை. அந்தப் பெரியவர் வாயில் விரல் பருமனுக்கு ஒரு குழாய் உள்ளே போயிருந்தது, உதடு ஒருபக்கமாக இழுத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, மூக்கில் இன்னொரு குழாய் கஞ்சிக்கு. அவர் பேசுவாரா என்று அங்கிருந்த நர்சைக் கேட்டேன். குழாய் இருக்கையில எப்படி சார் பேசுவாங்க, குரல் வர்ற வழியிலதான குழாய் கிடக்கு என்றாள். அவளுக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்தது. அப்பா பதினோரு நாளும் குழாயோடுதான் இருந்தார், வீட்டுக்கு வரும்போதும் குழாயோடுதான் வந்தார், அது நானே பார்த்தது. நான் ஸ்டாம்புப் பேடைக் கட்டில் விளிம்பில் வைத்தேன். பிறகு எழுதினேன். நான் நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதி வைத்த உயில் என்னவென்றால். அந்த வரியை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், கை தானாகப் போகும். அந்தப் பெரியவரின் கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தது மூத்த மகன், விரலை உருட்டி அழுத்தியது நான். விரல் சூடாக இருந்தது. எழுதிக் கொடுப்பவர் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று கடைசியில் என் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே அக்காவிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளுடைய விவரம் அதற்குள் வளர்ந்திருந்தது. பதினாறாம் நாள் அவள் சேர்த்தது, தம்பி கஷ்டப்படக் கூடாதுன்னாவ என்பது. அது எனக்காகத் தனியாகச் செய்து கொடுத்தது, நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் திவசத்தன்று, இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சிய மனுசன் வாயில வைப்பானான்னு சிரிச்சாவ தெரியுமால என்றாள். மூக்குக் குழாயில் கஞ்சி போன மனிதர், வாயில் ருசி பார்த்துச் சிரித்திருக்கிறார். எனக்கு அப்போது நர்ஸ் சொன்னது தெரியும். தெரிந்துகொண்டே நானும் சிரித்தேன். அப்பா அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான், அவர் குரலிலேயே எனக்குக் கேட்டது.

ஒன்பது மணிக்கு மேல் வராந்தாவுக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டேன். பெஞ்சில் நான் வழக்கமாக அங்கே பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். பீடி சுற்றுகிறவள், கைவிரல் நுனிகள் மஞ்சளாகக் கிடக்கும், முகம் ஊதியிருந்தது. வயது முப்பத்திரண்டாம், இரண்டு பிள்ளைகளாம். அவசரத்துக்கு எங்காவது காலியிடம் கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், மற்றபடி பட்டியல். அவள் வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள், யார் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று உட்கார்ந்திருப்பவர்களின் பையையும் குடையையும் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அதில் பகை கிடையாது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். "பெரியம்மாவுக்கு எத்தன வருசமா ஓடுது அண்ணாச்சி?" நான்கு என்றேன். நாலு வருசம் என்று அவள் திருப்பிச் சொன்னாள். பொறாமை இல்லை, கணக்கும் இல்லை, ஒரு ஊர்ப் பெயரைச் சொல்கிறதுபோலச் சொன்னாள், போயிருக்காத ஊர். பிறகு, ராசியான கட்டிலு என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. வந்ததும் அதைச் சந்தேகித்தேன். நான்கு வருடமாக இந்த வராந்தாவில் எத்தனையோ பேர் உட்கார்ந்து, பிறகு உட்காராமல் போயிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்மேலும் எனக்கு இவ்வளவு இரக்கம் வந்ததில்லை. இந்தப் பெண்ணுக்காக அக்காவை இறக்குகிறேன் என்று சொன்னால் அது நியாயம்போல இருக்கும், தியாகம்போலக்கூட இருக்கும், அட்டையில் அச்சடிக்கலாம். என் முகூர்த்த நாட்களும் முழங்கால் வலியும் பூட்டுச் சாவியும் அந்த நியாயத்துக்குள் இருக்கிற இடம் தெரியாது. நாதனுக்கும் இவளைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டு பிள்ளைகள் என்று எழுதினால் அவன் பிடித்துக்கொள்வான். போனை எடுத்தேன், பிறகு பையில் போட்டுவிட்டேன். எழுதாமல் விட்டதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. நல்லெண்ணம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

திரும்பி வந்தபோது, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கினாயா என்று அக்கா கேட்டாள். தீபாவளிக்கு ஊதா ரவிக்கை. இந்தக் கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கிறது, அதனால் இடது கைக்கு மட்டும் ஒரு விரற்கடை தளர்த்தித் தைக்கச் சொல்லியிருந்தாள், அதைத் தையல்காரனுக்கு நான் மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வாங்குகிறேன் என்றேன். தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள். பத்து, சிலருக்குப் பன்னிரண்டு. கழித்துப் பார்த்துவிட்டேன், பார்க்க வேண்டும் என்று நினைக்கும் முன்பே பார்த்துவிட்டேன். ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண்பிள்ளை போதும் என்று சொல்வாளா. சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிகிறது, ரவிக்கையை வாங்காமல் விட்டால் தெரியாமலிருந்துவிடலாம் என்பதுபோல நான்கு நாளாகத் தையல் கடை இருக்கிற தெரு வழியாகப் போகாமல் சுற்றிப்போகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் போகாமல் செருப்பைக் காத்தேனே, அது பயம் இல்லை. உள்ளே போனால் குழாயைப் பார்த்திருப்பேன், பார்த்தவனால் அப்பா என்ன சொல்றாங்கன்னு கேளு என்று கேட்க முடியாது. கேட்கவேண்டி வரும் என்று இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகப் பதினோரு நாள் கண்ணைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன்.

அப்பாவை ஆம்புலன்சில் கொண்டுபோனோம். இங்கே அப்படித்தான், பிணமாக எடுத்துப்போனால் வீட்டு வாசலுக்குள் விடமாட்டார்கள், அதனால் மூச்சோடு கொண்டுபோய் வீட்டில் வைத்து நிறுத்துவது. இதை ஆஸ்பத்திரியிலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா என்று மட்டும் கேட்பார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை, அதைக் கையால் அமுக்க அமுக்க மூச்சு போகும். பாலம்வரை கூட வந்த பையன் அமுக்கினான், பிறகு அவனுக்குப் போன் வந்தது, அக்கா வாங்கி அமுக்கினாள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். டிரைவர் ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பணும் சார், வீட்டு வாசல்வரை வண்டி போகுமா என்று கேட்டுக்கொண்டு வந்தான், நான் மிகத் துல்லியமாக வழி சொன்னேன். பின்னால் அந்தப் பையின் சத்தம், புஸ், புஸ் என்று, ஒரே சீராக. நாற்பது நிமிடம் அக்கா அமுக்கினாள். வீட்டில் இறக்கியதும் நான் டிரைவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடத் தெருவிலேயே நின்றேன். உள்ளே போனபோது பை சும்மா கிடந்தது. அரைமணி நேரம் அப்பா சொந்த மூச்சில் இருந்தாவ, எல்லாரையும் பார்த்தாவ, ஒரு மிடறு ஆத்துத் தண்ணி குடிச்சாவ என்பது அக்காவின் விவரம். நான் தெருவில் நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் அரைமணி நேரத்தை அவள் எனக்காக வைத்திருக்கிறாள். யார் நிறுத்தச் சொன்னது, எந்த அமுக்கலோடு நிறுத்தினாள், நிறுத்திய பிறகு கையை எங்கே வைத்துக்கொண்டாள், எதையும் நான் கேட்டதில்லை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அவள் அந்த ஆம்புலன்சைப் பேசியிருந்தாள் என்பது வெகுநாள் கழித்து நாதன் சொல்லித் தெரியும்.

பத்தேகாலுக்கு அவளுக்குக் கால் இழுத்தது. தண்ணீர் நிறைய எடுக்கிற நாளில் மூன்றாம் மணிக்கு மேல் இப்படி வரும். கெண்டைக்கால் கல்லாகத் திரளும், விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அவள் தலையைத் தலையணையில் அங்கும் இங்கும் உருட்டுவாள். நான் எழுந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி அழுத்தினேன், எனக்கு இது பழக்கம். பாதம் சில்லென்று இருந்தது. நகத்தில் மருதாணியின் பழைய சிவப்பு நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. "போதும் தாயி, போதும். நிறுத்து. என்னால ஏலாது, நிறுத்திரு." அவள் ஜெபராணியைப் பார்த்துச் சொன்னாள். ஜெபராணி மெஷினில் எதையோ குறைத்தாள், உப்புத் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே விட்டாள். நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். என் காதுக்குள் அந்தச் சொல் போய் உட்கார்ந்துகொண்டது. போதும். நிறுத்து. ஏலாது. பொய்யே சொல்ல வேண்டியதில்லை. மூன்று சொற்கள், ஒரு செவிலியர் சாட்சி, பகல் வெளிச்சம், நல்ல நினைவு. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவள் இதைச் சொல்லத்தான் செய்கிறாள், நான்கு வருடத்தில் நானூறு தடவை சொல்லியிருப்பாள், இதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. நாதனிடம் இதை அப்படியே சொன்னால் அவன் அழுவான், உண்மையாகவே அழுவான், பிறகு டிக்கெட் போடுவான், அட்டை அடிப்பான். அதற்கு நான் எதையும் சேர்க்க வேண்டாம், எப்போது சொன்னாள் என்பதை மட்டும் விட்டுவிட்டால் போதும். அன்றைக்கு அக்காவும் ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பாளோ. அப்பா கையை உதறியிருப்பார், தலையை ஆட்டியிருப்பார், கண்ணில் நீர் வந்திருக்கும், எந்த நோயாளிக்கும் வருவதுதானே, அதை எடுத்து அவள் எனக்குத் தேவையான அளவில் வெட்டித் தைத்துக் கொண்டுவந்திருப்பாள். அல்லது அவர் விழிக்கவே இல்லை, பத்து நிமிடமும் அவள் அவருடைய கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெளியே நிற்கிற என்னிடம் போய் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். அதுவும் இல்லையென்றால் அவர் வேறு ஏதோ கேட்டிருப்பார். விரலால் எழுதிக் காட்டியிருப்பார். இருக்கணும் என்று எழுதியிருப்பார்.

பத்து நிமிடத்தில் இழுப்பு விட்டது. நெற்றியில் வேர்த்திருந்தது, துடைத்துவிட்டேன். ஜெபராணி ஒரு துண்டு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள், அக்கா அதை வாயில் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள், கன்னம் லேசாகப் புடைத்தது. அவள் அந்த ஐஸைக் கரையவிடாமல் வைத்திருப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தாள். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. என்ன மாமா, கேட்டீங்களா என்று இருந்தது. டாக்டர் ஒன்றாம் கட்டிலுக்கு வந்துவிட்டாள், கையில் அட்டைப் பலகையும் பேனாவும். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு நாங்கள். கதவு திறந்து மூடியபோது வராந்தா பெஞ்சில் அந்த மஞ்சள் விரல்கள் மடியில் கோத்துக்கொண்டு கிடந்தது தெரிந்தது. அப்பா பேசினாவளா என்று இப்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், பதினான்கு வருடமாக நாக்கில் கிடக்கிற கேள்வி. கேட்டால் பேசினாவ என்றுதான் சொல்லுவாள், ஐஸை ஒதுக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். பேசவில்லை என்று சொல்லிவிட்டால் அதைவிட மோசம், அப்போது எதற்காகச் சொன்னாய் என்று நான் கேட்கவேண்டி வரும், அவள் என்னைப் பார்க்கவேண்டி வரும். அந்தக் கேள்வி எனக்கு வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், தெரிந்து வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் அந்த ஐந்தரை சென்ட்டில் வீடு கட்டி அதில் குடியிருக்கிறேன். அக்கா கண்ணைத் திறந்தாள். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், இரண்டாம் கட்டிலுக்கு வந்துவிட்ட டாக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையில் கையைத் துடைத்தபோது எனக்குக் காட்டாத முகம் இதுதான் என்று நினைக்கிறேன். அதில் கோபம் இல்லை, வேண்டுதலும் இல்லை. வேலைக்காரி ஒருத்தி, தான் செய்துகொண்டிருந்த வேலையை அடுத்து வந்தவளிடம் கொடுக்கும்போது அவள் கை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நாதனா? என்ன கேக்கான்?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசி இல்லாத பக்கமாகக் குனிந்தேன்.

"அக்கா, நீ சொன்னதா அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"